நீர் வந்தால் போதும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில் ஒரு இந்தியக் கடையில் சமோசாவுக்கு வரிசையில் நின்றபோது ஜார்ஜ் சொன்னது. ஜார்ஜ் என் ஆபீஸ் நண்பர், பாளையங்கோட்டைக்காரர். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லிச் சிரித்துவிட்டு, சமோசா வந்ததும் அதில் கவனமாகிவிட்டார். எனக்கோ அவர் சிரித்து முடித்த இடத்தில்தான் கதை ஆரம்பிப்பதாகப் பட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டெக்சாஸின் பரந்த வானத்தின் கீழ் இரண்டு இசை மரபுகள் கைகோத்த அந்தப் பொன்னான—"

வேண்டாம். விழா மலர் வாடை அடிக்கிறது.

அடுத்து: "கிருபாராணிக்கு ஒரு மகள் வேண்டும்." இது பரவாயில்லை. ஆனால் பிள்ளையில்லாதவள் என்று நினைத்துவிடுவீர்கள். மகள் இருக்கிறாள். பெயர் ஃபெபி, வயது இருபத்திரண்டு. சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒரு தாய்க்கு எவ்வளவு என்பதுதான் கதை.

2

கிருபாராணி ஜார்ஜின் மனைவி. வாரமெல்லாம் பார்மசியில் மாத்திரை எண்ணுவாள், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபையில் தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவாள். ஃபெபி பள்ளிக்கூட ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் கற்றவள். இப்போது வார இறுதிகளில் டாரல் என்பவருடைய 'கண்ட்ரி' எனும் அமெரிக்கக் கிராமிய இசைக் குழுவில் வாசிக்கிறாள். இரண்டு வருடமாக அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே "சாப்டியா?", "ஏட்" (சாப்பிட்டாச்சாம்) என்ற இரண்டு சொற்கள்தான் போய் வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் கிருபாராணி அறிவித்தாள்: தன் பாட்டுகளை ஆல்பமாகப் போடப்போகிறாள், டாரல் குழுவோடு. சபையில் புருவங்கள் ஏறின. "கர்த்தருக்குக் கவுபாய் மெட்டா, ஆன்ட்டி?" என்று ஒரு பையன் கேட்டே விட்டான்.

"மகளை சர்ச்சுக்குக் கூட்டிட்டு வர முடியல. அதான் சர்ச்சைத் தூக்கிக்கிட்டு மக இருக்க இடத்துக்குப் போயிட்டா" என்றார் ஜார்ஜ் என்னிடம்.

(இந்த வரியை நான் எழுதியதாக இருந்தால் நன்றாக இருக்கும். அவர் சொன்னதுதான்.)

3

டாரல்தான் என்னைப் படுத்துகிறார். முதல் வரைவில் அவருக்குப் பெரிய தொப்பி, பூட்ஸ், தாடைக்குள் புகையிலை எல்லாம் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தால் மாறுவேடப் போட்டி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். மிச்சம் இருந்தவர் இவர்: அறுபது வயது, சாந்தமான குரல், பருத்தி விவசாயி மகன். அவர் ஆங்கிலத்தில் பேசுவதை நான் தமிழில் தருகிறேன். மொழிபெயர்ப்பை நம்பலாமா என்று அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு: "வாடிய நாளில் நீர் வந்தால் போதும்." இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சரணம் எழுத, அர்த்தம் சொல்லச் சொல்லி ஃபெபியைக் கேட்டிருந்தார் டாரல். அவளும் அர்த்தத்தை எழுதி அனுப்பியிருந்தாள்; அதை வைத்து டாரல் சரணத்தைக் கட்டியிருந்தார்.

டென்டனில், அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் ஸ்டுடியோ. கிருபாராணி தன் பங்கைப் பாடி முடித்தாள். ஃபெபி வயலினோடு நிற்க, டாரல் ஆங்கிலத்தில் தொடர்ந்தார்:

காற்றாலை சுற்றுது, கிணறு இருமுது,
அப்பா தொப்பியைக் கழற்றி வானம் பார்க்கிறார்,
தண்ணீர் வந்தால் போதும்.

(பாருங்கள், நான் கழற்றிய தொப்பி இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.)

"தண்ணி எங்கட்டி வந்துச்சு?" என்றாள் கிருபாராணி.

"அம்மா, தட்ஸ் யுவர் லைன். நீர். வாட்டர்."

கிருபாராணி வெடித்துச் சிரித்தாள். "அடிப்பாவி! ஏசப்பாவைத் தண்ணியாக்கிட்டியேட்டி!" கூட வந்திருந்த ஜார்ஜும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.*

ஃபெபி சிரிக்கவில்லை. "ஐ தாட் இட் வாஸ் வாட்டர். இன் எவ்ரி சாங். மை ஹோல் லைஃப்" என்றாள். வயலினைப் பெட்டியில் வைத்து மூடி, எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

* திருநெல்வேலிப் பக்கம் டீக்கடையில்கூட "நீரு எப்ப வந்தீரு?" என்பார்கள். பிளானோவில் எந்த டீக்கடையில் ஃபெபி அதைக் கேட்டிருப்பாள்? வீட்டில் 'நீங்க', சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'நீர்' என்ற சொல்லுக்கு மேலே ஒரு குழாய்ப் படம்.

5

ஜார்ஜின் துணுக்கு இங்கே முடிந்தது. இனிமேல் நான் கிருபாராணியின் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

"நான் ஏதாவது தப்பாகப் பாடிவிட்டேனா?" என்று டாரல் கேட்டார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சிவந்து, "சரணத்தைத் தூக்கிவிடலாம்" என்றார்.

கிருபாராணி மகள் போன கதவைப் பார்த்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவள் கண்ணை மூடிக்கொண்டு "நீர் நல்லவர், நீர் பெரியவர்" என்று பாடியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு குட்டிப் பெண், பெரியவர்கள் எல்லாரும் கைதூக்கித் தண்ணீருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு, தானும் கைதூக்கி நின்றிருக்கிறாள். ஒருநாள்கூட அர்த்தம் சொல்லித் தரவில்லையே. கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் ஜீவத்தண்ணீர் தருகிறேன் என்று சொன்னவரைத்தானே பாடினோம், பிள்ளை அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டது? அவளுக்கு அழுகை வந்தது.

முடிவு அ: அம்மா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்கிறாள், இருவரும் பாடுகிறார்கள், சபையே எழுந்து— அடித்துவிட்டேன். இத்தனை சுலபமாக நடந்தால் இரண்டு வருடம் எதற்கு?

முடிவு ஆ: கார் கிளம்பிப் போகிறது, சரளைக் கல்லில் புழுதி. இதையும் அடித்துவிட்டேன். எழுதும்போது என் கைக்கே பிடிக்கவில்லை.

6

"அந்தச் சரணம் இருக்கட்டும்" என்று டாரலிடம் சொல்லிவிட்டு கிருபாராணி வெளியே வந்தாள். நல்ல வெயில். காரில் சாய்ந்தபடி ஃபெபி நின்றாள்.

"சிரிச்சது தப்புதாம்ட்டி."

ஃபெபி காலால் ஒரு கல்லைத் தள்ளினாள்.

"ஆல்பம்லாம் சும்மா. சர்ச்சுக்கு வா, வராம இரு, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். எனக்கு நீ வந்தா போதும்."

ஃபெபி நிமிர்ந்து பார்த்தாள். "நீ? நாட் நீர்?"

"அவருக்குத்தான் நீர். ஒனக்கு நீ."

மகளின் உதட்டோரம் லேசாக என்னவோ அசைந்தது. உள்ளே டாரல் அந்தச் சரணத்தை மெதுவாக மறுபடி ஆரம்பித்தார். ஃபெபியின் கை வயலின் பெட்டியின் கொக்கியில் இருந்தது.

7

அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஆல்பம் இன்னும் வெளிவரவில்லை. கடைசிப் பாட்டில் வயலின் உண்டா என்று ஜார்ஜைப் பிடித்துக் கேட்டேன். சமோசாவை மென்றுகொண்டே, "வரும்லா வே, நீரே கேட்டுப் பாருமே" என்றார்.

நீரே! பிளானோவில், என் காதால் கேட்டேன்.

கொக்கியை நான் திறக்கப் போவதில்லை. திறந்தால் என் ஆசையைத்தான் எழுதுவேன். வாசகரே, இந்தக் கதைக்கும் நீர் வந்தால் போதும்.