மாறும் கைரேகை

மார்ச் பதினெட்டு, புதன்கிழமை. மருத்துவமனையின் கணினிப் பிரிவில், அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கணினிகளிலும் பாதுகாப்பு மென்பொருளின் புதிய பதிப்பு ஏறும் என்றும், முழு ஃபோல்டர்களுக்குச் சோதனையிலிருந்து தந்திருந்த விலக்குகள் அத்தோடு ரத்தாகும் என்றும் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

கணினிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அவளே அடித்து அவளே ஒட்டிய தாள்தான், பிறகு எதற்குப் போகும்போதும் வரும்போதும் அதை யாரோ எழுதியது போலப் படித்துக்கொண்டிருக்கிறாள்... ரத்தாகும் என்பதற்குப் பதில் முடிவுறும் என்று போட்டிருக்கலாமோ, கொஞ்சம் மென்மையாக இருந்திருக்கும், ஆனால் விதி மென்மையாக இருந்தால் யார் மதிப்பார்கள்? போன மாதம் சம்பளப் பிரிவில் என்ன நடந்தது, யாரோ வசதிக்காக ஒரு ஃபோல்டரை முழுசாகச் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள், எங்கிருந்தோ வந்த கிருமி நேராக அந்த ஃபோல்டருக்குள்தான் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது, காவலாளி மென்பொருள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்க்காதே என்று நாம்தானே சொல்லியிருந்தோம். அதனால் விதி சரி. யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வாள். இன்று காலை, இங்கேயே டைப்பிஸ்டாக இருக்கும் கணவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள், அவர் கேட்கவில்லை, சாவியை அவள் கையில் திணித்துவிட்டு, “வாட்ச்மேன் கூடவே இருக்கும்போது நான் எதுக்குக் கதவைப் பூட்டணும், நீயே பூட்டு” என்று படியிறங்கிவிட்டார். வாட்ச்மேன். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வைத்த பெயர். முதலில் கோபம் வந்தது, இப்போது அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் என்னவோ தப்பு நடந்துவிட்டது என்று தோன்றுகிறது.

திரையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். தரைத்தளம், டைப்பிஸ்ட் அறை, கணவருடைய கணினி. அந்த விலக்கை அவள் தரவில்லை, அடுத்த மேஜைக்காரர் தந்தது, வீட்டு ஆளுக்கு நாமே விலக்கு கொடுத்தால் நாளைக்கு ஊர் சிரிக்கும்க்கா, தள்ளுங்க, நான் போடுறேன் என்று அவளுடைய நாற்காலியையே உருட்டி நகர்த்திவிட்டுப் போட்டார். கணவருடைய வலது கை விரல்கள் தளர்ந்துபோன வருஷம் அது. நரம்பு... இத்தோடு நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார், நின்றும்விட்டது, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டுக் கேட்டு இரண்டு கையாலும் மழை மாதிரி அடித்துக்கொண்டிருந்த மனிதர் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அப்போதுதான் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் ஒரு குட்டி புரோகிராம் எழுதிக் கொடுத்தார். ‘நு’ என்று அடித்தால் ‘நுரையீரல்’ என்று முழுசாக வந்து விழும், ‘சி’ என்றால் ‘சிறுநீரகம்’. கணவர் அதற்குக் கிளி என்று பெயர் வைத்தார். எஜமான் வாயைத் திறப்பதற்குள் சொல்லி முடிக்கும் கிளி. ஆனால் கிளி ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் ஒட்டுக் கேட்டால்தான் வேலை செய்ய முடியும், பாஸ்வேர்டு திருடுகிறவனும் அதையேதான் செய்கிறான், பாதுகாப்பு மென்பொருள் முதல் நாளே கிளியைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டது. விலக்கு கிடைத்ததும் போனில் சொன்னாள், உங்களுக்கு விலக்கு கொடுத்தாச்சு என்று.  அந்தப் பக்கத்திலிருந்து, “எந்த விலக்கு, மணவிலக்கா? ஜீவனாம்சம் எவ்ளோ தருவே?” இப்படி ஒரு மனிதர். இந்த வார்த்தையே அப்படித்தான், தண்டனையிலிருந்து காப்பாற்றினாலும் விலக்கு, வீட்டை விட்டுத் துரத்தினாலும் விலக்கு, எந்தப் புண்ணியவான் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்தானோ.

“அக்கா, உங்க வீட்டு வைரஸுக்கு என்ன முடிவு?” என்றார் அடுத்த மேஜைக்காரர். வைரஸ் இல்லை, கிளி என்றாள். சரி, கிளி என்றார். முடிவு இருக்கிறது, நேற்றே யோசித்து வைத்துவிட்டாள், ஃபோல்டருக்கு விலக்கு இல்லை, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும், அதன் கைரேகையை, அந்தக் கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, எடுத்துப் பதிந்துவிட்டால் அது மட்டும் உள்ளே வரலாம், வேறு எதுவும் அதன் பெயரை வைத்துக்கொண்டு நுழைய முடியாது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சிநேகிதர் அவசரத்தில் எழுதியது, கணவர் சொல்லிக்கொடுக்கும் சொற்களையெல்லாம் கிளி தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, ஒரு புதுச் சொல் தின்றால் போதும், கைரேகை மாறிவிடும், காவலாளிக்கு அது முன்பின் பார்த்திராத ஆள். திரும்ப எழுதித் தரச் சொல்லலாம் என்றால் அந்த சிநேகிதர் இப்போது உயிரோடு இல்லை. ஆக, இன்றைக்கு எது தெரியுமோ அதோடு கிளியின் படிப்பு நின்றது. அல்லது பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் மேலிடத்துக் கையெழுத்து, அது வந்து சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும், அதுவரை கிளி சிறையில், அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டு... அவருடைய மேலதிகாரி ஏற்கெனவே ஒரு முறை, வேகம் குறைந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று நல்ல வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

போனில் சொல்ல வேண்டாம் என்று நேரே இறங்கிப் போனாள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நின்றதால் படிக்கட்டு. டைப்பிஸ்ட் அறையில் எப்போதும் ஒரே வாசனை, சூடான பிரிண்டர், ஈரக் குடை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவர் சிரித்தார். பக்கத்தில் தேநீர், எடுக்காமலே குனிந்து மேஜையிலிருந்தே உறிஞ்சினார், கழுத்து வலிக்கப் போகிறது, குழந்தை மாதிரி இது என்ன பழக்கம்.

“என்ன வாட்ச்மேன், ரவுண்ட்ஸா?”

“கிளி விஷயமா வந்தேன்.”

“செத்துடுச்சா?”

“சாகல. கூண்டை மாத்துறோம்.” எல்லாவற்றையும் சொன்னாள். கைரேகை, வயிறு, கையெழுத்து. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், அதுவே அதிசயம். “அப்போ இன்னியோட ஸ்கூல் மூடியாச்சுன்னு சொல்லு. இனிமே அது என்னை மாதிரி, புதுசா ஒண்ணும் ஏறாது.”

“பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கு. ஏதாவது சேர்க்கணும்னா இப்பவே சேர்த்துடுங்க.”

“நீ உக்காரு. நான் சொல்றேன், நீ அடி.”

அவள் உட்கார்ந்தாள். அவருடைய விசைப்பலகையில் ‘அ’ தேய்ந்து அழிந்திருந்தது. இதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டாரே, இன்றைக்கு என்ன பெருந்தன்மை. முதலில் பெரிய பெரிய சொற்களாக வந்தன, பெருநாடி விரிவு, தண்டுவட அழுத்தம், இதெல்லாம் இல்லாமலா இத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று கேட்டாள், போன வாரம்தான் புது நரம்பு டாக்டர் சேர்ந்தார், அந்த ஆள் வாயில் ரயில் பெட்டி மாதிரி கோத்துக் கோத்துத்தான் வார்த்தை வருகிறது என்றார், அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று, வீட்டில்கூட ஒருவர் சமையலறையில் ஒருவர் கூடத்தில்...

“அப்புறம், ‘இ’ன்னு ஒத்த எழுத்து அடிச்சா ‘இல்லை’ன்னு வரணும்.”

“இல்லைக்கெல்லாமா கிளி? உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவே இல்லையா?”

“கிடக்கட்டும், போடேன். ‘வ’ன்னா வலது. ‘ட’ன்னா இடது. ‘உ’ன்னா உண்டு.”

போட்டாள். வலது. இடது. உண்டு. இத்தனூண்டு சொற்கள், இரண்டு தட்டு மிச்சமாகும், மூன்று தட்டு மிச்சமாகும், ஒரு மனிதன் எப்போது இரண்டு தட்டைச் சேமிக்க நினைப்பான்... விரல்கள் விசையிலேயே நின்றன. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். அவருடைய இடது கை மேஜைமேல் இல்லை. மடியில் இருந்தது, வலது கையின் மேல், இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டிருப்பது போல. பொத்தான் வைத்த சட்டையை அவர் விட்டு எத்தனை நாளாகிறது, வெயிலுக்கு டி-ஷர்ட்தான் சுகம் என்றாரே, அதைப் பனிக்காலத்திலேயே சொன்னாரே. தேநீர். சாவி. வாட்ச்மேன் இருக்கும்போது நான் எதுக்குப் பூட்டணும்... ஒரு மருத்துவமனையின் கணினிகள் அத்தனையிலும் எந்தக் கோப்பு எந்த நொடியில் மாறியது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, இந்த இடது கை எந்த நாளில் மாறியது என்று தெரியவில்லை.

“அவ்வளவுதானா?” என்றாள். 

“சரி-ன்னு ஒண்ணு போட்டுடு. ‘ச’.”

போட்டாள். சேமித்தாள். கிளியின் கைரேகையை எடுத்து மாடியில் தன் பிரிவுக்கு அனுப்பினாள். எழுந்தபோது அவருடைய கழுத்தில் தொங்கியதை எடுத்துக் காதில் மாட்டிவிட்டாள், அவர் தடுக்கவில்லை, கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. கேட்டிருக்கலாம். அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், கேட்டால் என்ன சொல்லுவார், ‘இ’ என்று ஒரே ஒரு எழுத்து...

மேலே அடுத்த மேஜைக்காரர் படிவத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எல்லாம் நிரப்பிட்டேன்க்கா, இது ஒண்ணுதான் பாக்கி, விலக்கு எத்தனை நாளைக்கு வேணும்? அவளுக்குத் தெரியவில்லை. காலியா விட்டுடுங்களேன் என்றாள். விட்டால் போகாதே, நீங்கதானே கட்டாயமாக்கினீங்க என்றார் அவர்.

விதிப்படி அதிகபட்சம் ஓராண்டு. ஓராண்டு என்று அவர் பதிந்தார். பன்னிரண்டு மணிக்குப் புதிய பதிப்பு ஏறியது. டைப்பிஸ்ட் அறையிலிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை.