மணிக்கூண்டைத் தவிர எல்லாம்

தலைநகரத்துக்குப் போய் வந்தவர்கள் அரண்மனை பார்த்தேன், அருங்காட்சியகம் பார்த்தேன், ஆற்றங்கரையில் நடந்தேன் என்று சொல்வார்கள். நான் லிஃப்ட் பார்த்தேன். வங்கி லிஃப்ட், ஆஸ்பத்திரி லிஃப்ட், துணிக்கடை லிஃப்ட், சாமான் ஏற்றுகிற லிஃப்ட். இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எல்லாம் என் கொழுந்தனால் வந்தது. என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. தலைநகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பார்த்த பெண்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு லிஃப்டுகளோடு குடும்பம் நடத்துகிறான். நல்லவன். அதில்தான் தொல்லையே.

எனக்கு அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெரிய மணிக்கூண்டு. நான் சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடப் புத்தகத்தில் தலைநகரத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. 'மணிக்கூண்டின் உச்சியில் நின்றால் ஆறு நகரத்தை வளைத்துச் செல்லும் அழகைக் காணலாம்' என்று அதில் ஒரு வரி. வருஷா வருஷம் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். ஒருமுறை முதல் பெஞ்சுக்காரி எழுந்து, "டீச்சர், ஆறு எந்தப் பக்கமா வளையுது? இப்படியா, இப்படியா?" என்று கையை இரண்டு பக்கமும் வளைத்துக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை. "நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். அவளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கும்.

போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பிள்ளைகளின் பரீட்சை வந்தது, மாமியார் படுக்கையில் விழுந்தார், பெண்ணின் கல்யாணம், அப்புறம் அவள் பிரசவம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது என் முழங்கால் மடங்க மறுத்தது. மாடிப்படி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதனால என்ன? மணிக்கூண்டுல லிஃப்ட் இருக்கு. அதைப் பார்த்துக்கிறதே நம்ம தம்பிதான்" என்றார் இவர். அந்தத் தைரியத்தில்தான் ரயிலேறினேன்.

போய் இறங்கின அன்றைக்கே கேட்டேன். "மணிக்கூண்டுக்கு எப்போப்பா போறோம்?"

"போலாம் அண்ணி. இன்னிக்கு அங்க கூட்டம் தாங்காது. நான் உங்களுக்கு ஊரைக் காட்டுறேன், வாங்க."

ஊரைக் காட்டினான். தூதரகங்கள் இருக்கும் பகுதிக்குக் கூட்டிப்போனான். அகலமான சாலை, இரண்டு பக்கமும் கூடாரம் போட்டது மாதிரி மரங்கள், துடைத்துவிட்ட நடைபாதை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் தேவலை என்று இருந்தது. அவன் விறுவிறுவென்று ஒரு வங்கிக் கட்டிடத்துக்குள் நுழைந்துவிட்டான். "இந்த லிஃப்ட்ல ஏறிப் பாருங்க அண்ணி. நிக்கிறதே தெரியாது." ஏறினோம். மேல்மாடி வரை போனோம். அங்கே அடைத்த கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தின் சுவர் தெரிந்தது. இறங்கினோம். இவர் ஏதோ தம்பி விமானம் ஓட்டியது போலப் பூரித்துப் போனார்.

அடுத்தது பழைய நகரம். வண்டி நுழையாத சந்துகள். எதிரெதிர் வீட்டு மாடியிலிருந்து பெண்கள் கை நீட்டிச் சாமான் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வாசற்கதவு முழுக்கக் கொடியும் பறவையுமாகச் செதுக்கியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, சீக்கிரம். பார்வையாளர் நேரம் ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி லிஃப்ட்ல இடம் கிடைக்காது."

ஆஸ்பத்திரி லிஃப்டில் எங்களோடு தள்ளுபடுக்கையில் ஒரு நோயாளியும் ஏறினார். கூட வந்த அம்மாள் பரிவோடு, "நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சும்மா சுத்திப் பார்க்க வந்தோம்" என்றார். அந்த அம்மாள் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளும் கேட்டேன். இன்றைக்கு அங்கே வார விடுமுறை என்றான். சரி என்று கிளம்பினேன். ஆனால் நாங்கள் போன பஸ் மணிக்கூண்டைத் தாண்டித்தான் போனது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் புள்ளி புள்ளியாக ஆட்கள்.

"விடுமுறைன்னியே. மேல ஆள் நிக்கிறாங்களே?"

"சுத்தம் பண்றவங்களா இருக்கும் அண்ணி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே காயப்போட்ட துணிகளை விலக்கிக்கொண்டு, "அதோ பாருங்க அண்ணி, ஆறு!" என்று கை நீட்டினான். இரண்டு விளம்பரப் பலகைகளுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு ஏதோ பளபளத்தது. அது ஆறா, தகரக் கூரையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"தெரியுதா அண்ணி?"

"நல்லாத் தெரியுது. உன் லட்சணம்" என்றேன்.

அவனுடைய அறைக்குத் திரும்பியதும் இவரிடம் பொரிந்து தள்ளினேன். "உங்க தம்பி எதையோ மறைக்கிறான்."

"அவனா? சின்ன வயசுல திருட்டு மாங்காயைக் கூட ஒளிச்சு வைக்கத் தெரியாம மாட்டிக்கிட்டவன். அவன் என்னத்தை மறைக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டு இவர் கால் நீட்டிப் படுத்துவிட்டார். இந்த வீட்டு ஆண்களோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம்.

கடைசி நாள். சாயங்காலம் ரயில். அவன் இன்னும் ஏதோ புதுக் கடைத்தெரு, கண்ணாடி லிஃப்ட் என்று ஆரம்பித்தான். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் ஒற்றைக்காலில் நின்றேன். "மணிக்கூண்டுக்குப் போறதுன்னா வரேன். இல்லேன்னா ஸ்டேஷன்லயே போய் உட்கார்ந்துக்கிறேன்." அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். இவர் அதிசயமாக என் பக்கம் பேசினார். "கூட்டிட்டுப் போடா. அவ வந்ததே அதுக்குத்தானே."

வழியெல்லாம் அவன் எங்களுக்குப் பத்தடி பின்தங்கியே வந்தான்.

மணிக்கூண்டு நான் நினைத்ததைவிடப் பெரிது. அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் போய் வரிசையில் நின்றேன். டிக்கெட் கொடுப்பவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கொழுந்தனைப் பார்த்தார்.

"வாய்யா வா! லிஃப்ட்டை நிறுத்திட்டுப் போன புண்ணியவான் வந்துட்டாரு! பாதிக் கூட்டம் வாசலோட திரும்பிப் போவுது. இப்ப சந்தோஷமா?"

அப்போதுதான் லிஃப்ட் வாசலைப் பார்த்தேன். குறுக்கே சங்கிலி போட்டு ஒரு பலகை தொங்கியது. 'இயங்காது. படிக்கட்டைப் பயன்படுத்தவும்.'

திரும்பி அவனைப் பார்த்தேன். "நீயா நிறுத்தினே?"

தலையாட்டினான்.

நான் நேரே படிக்கட்டுப் பக்கம் போனேன். "வேண்டாம், சொன்னாக் கேளு" என்று இவர் பின்னாலேயே ஓடி வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதல் திருப்பம் கூட வரவில்லை. முழங்கால் சுளீர் என்று இழுத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு கத்திக்கொண்டே மேலே ஓடினார்கள்.

"நான் வேணா மேல போய் வீடியோ எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் இவர்.

"உங்க கண்ணால பார்க்கிறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கொழுந்தன் எனக்கு இரண்டு படி கீழே வந்து நின்றான். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது.

"முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க, அண்ணி. இத்தனை வருஷத்துல நம்ம வீட்டு ஆளுங்க யாரும் என் ரூமுக்கு வந்ததே இல்ல."

அது நிஜம். வந்திருக்க மாட்டேன். அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. "எப்போ நிறுத்தினே?"

"போன மாசம். நீங்க டிக்கெட் போட்டாச்சுன்னு அண்ணா போன் பண்ணாங்களே, அதே வாரம். லிஃப்ட்டைத் தூக்குற கம்பி வடத்துல இழை பிரிஞ்சிருந்தது. பழைய மாடல், அந்த வடம் இப்ப கிடைக்காது. புது லிஃப்டே போடணும், வருஷக்கணக்காகும்னு தெரியும். மேலதிகாரிங்க எல்லாரும், இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்யான்னாங்க. நான் கேட்கலை. என்னை இந்த இடத்தை விட்டே மாத்திட்டாங்க."

"ஒரு மாசம்! நான் வந்துட்டுப் போற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?" கேட்டேவிட்டேன். எனக்கு வெட்கமாகக் கூட இல்லை.

"இருக்கலாம்னுதான் நினைச்சேன், அண்ணி. அண்ணி வந்து பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு யார்கிட்டயும் சொல்லாம ரூமுக்குப் போயிட்டேன்." காலால் படியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "சாப்பிட உட்கார்ந்தேன். அப்பதான் உறைச்சது, அதுல ஏறப்போறதே நீங்கதானேன்னு."

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் மேல் உள்ள பாசத்தால் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பொய். நான் மணிக்கூண்டுக்காகத்தான் அழுதேன். மேலே போன பிள்ளைகளின் கூச்சல் கிணற்றுக்குள் கேட்பது போலக் கீழே வரைக்கும் கேட்டது. என்னவோ தெரிகிறது அவர்களுக்கு. எனக்கு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அந்த வடம், நான் ஏறியிருந்தா, அறுந்திருக்குமா?"

அவன் யோசித்தான். "இல்ல அண்ணி. அநேகமா தாங்கியிருக்கும்."

"அறுந்திருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லேன்டா. நான் நிம்மதியா ஊர் போய்ச் சேருவேன்" என்றேன்.

அவன் சொல்லவில்லை.