பதினொரு நிமிடக் காற்று

அந்தக் கறுப்பு சைக்கிளைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காரோடு என்கிற ஊரில் இருபத்தாறு வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு சேர்ந்து பூவாறு பக்கம் போகும். ஓட்டுகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கடை வாசலில் நின்று, ஏதோ ஒரு ஸ்பேனரின் பெயரைச் சொல்லி, அது இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அன்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அப்புக்குட்டன். முண்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டுகிற கத்தி இடுப்பில் சொருகியிருந்தது.

"செல்லா, இதுல போனா எத்தன மினிட்டு கொறையும்?" என்று கேட்டான்.

அவன் அக்கா மகன் விபின் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சைக்கிள். கம்பியெல்லாம் உருண்டையாக இல்லாமல், பக்கவாட்டில் பார்த்தால் அகலமாகவும் முன்னால் நின்று பார்த்தால் ஒல்லியாகவும் இருந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட நாள் முதல் அப்புவுக்கு உறக்கமில்லை.

நிமிடம் அவனுக்கு விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அவன் வெட்டுவது இரண்டு தோட்டம். விடியுமுன்பே காரோட்டில் உள்ள மரங்களை வெட்டி முடித்துவிட்டு, எட்டு கிலோமீட்டர் தள்ளி திருப்புறத்தில் இருக்கும் யோசுவா சாருடைய தோட்டத்துக்கு மிதிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரம் பாலைக் குறைத்துவிடும். சார் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். "அப்புக்குட்டா, ஆறரைக்கு முன்பே கத்தி மரத்தில் தொடணும், கேட்டோ. இல்லெங்கில் நான் வேற ஆளெ நோக்கும்." இவன் ஆறு இரண்டுக்குக் கிளம்பினால் ஆறு நாற்பதுக்குத்தான் போய்ச் சேருகிறான். பதினொரு வருடமாக அவன் கையில் இருக்கும் தோட்டம் அது. அது போனால் கூலிவேலைக்குத்தான் போகவேண்டும். அவனுடைய முதுகு ஒரு வாரம் தாங்காது.

"ரெண்டு வருசமா காத்து கூடுதலாக்கும்டே," என்றான். "எத்தன மிதிச்சாலும் நவுறல்ல."

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒனக்கு வயசாச்சு."

"அப்போ இந்த வண்டி?"

நான் சொன்னதில் பொய் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். "எலே, காத்து கம்பியிலயா அடிக்குது? ஒனக்க நெஞ்சுல அடிக்குது. மடிச்சுக் கெட்டின முண்டுல அடிக்குது. முப்பத்தஞ்சு, நாப்பது வேகத்துல குனிஞ்சிட்டுப் போறவனுக்காக்கும் இந்தக் கம்பி. நீ போறது பன்னெண்டு, பதிமூணு. ஒனக்கு அர மினிட்டு கொறஞ்சா அதிகம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து டீக்கடையில் டீ போடுகிற லிஜினும் நாலைந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆள் கூடிவிட்டால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. "பின்ன, ஞாயித்துக்கெழம சாருமாரு இடுற மாதிரி ஒட்டிப்பிடிச்ச நிக்கர் ஒண்ணும் வாங்கி இடு. மரம் ஒன்னக் கண்டு நாணிச்சுப் போயி பாலு கூடுதலா தரும்," என்றேன்.

லிஜினுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பு சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பினான். "செரி. நீ பெரிய ஆளாக்கும்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் சைக்கிளைக் கொண்டுவந்து கடையில் நிறுத்துவது வழக்கம். நான் செயினில் நாலு சொட்டு எண்ணெய் விடுவேன். அவன் டீ சொல்லுவான். ஊர்க்கதை பேசி முடிக்கும்போது இருட்டிவிடும். இருபது வருடப் பழக்கம் அது. அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. வராமல் எங்கே போய்விடுவான் என்று இருந்தேன்.

மூன்றாவது வாரம் லிஜின் டீயோடு ஒரு செய்தியையும் கொண்டுவந்து வைத்தான். "அண்ணே, அப்பு அண்ணன் இப்ப ஆறு இருவத்தொம்பதுக்கு திருப்பொறத்துல எத்துதாராம். முப்பத்தெட்டு மினிட்டு இருவத்தேழாச்சாம். யோசுவா சாரு கொள்ளாம், நல்லதுன்னு பறஞ்சாராம்."

டீ கிளாஸை ஓரமாக வைத்தேன். காற்றினால் அரை நிமிடம் என்பது என் கணக்கு. மீதி பத்தரை நிமிடம் எங்கிருந்து வந்தது? உண்மையில் அன்று நான் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். "புதுசுல்லா, ஆவேசத்துல மிதிப்பான். ஒரு மாசம் போவட்டும்," என்று லிஜினிடம் சொன்னேன். என் நண்பனுடைய தோட்டம் தப்பியதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் சொன்னது தப்பாகிவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. இதை வெளியே சொல்ல இவ்வளவு நாளாகிவிட்டது.

திருப்புறத்துத் தோட்டத்தில், உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அழுத்துகிற ரோலர் கிடையாது. அதனால் அங்கே எடுத்த பாலைக் கேனில் ஊற்றி காரோட்டுக்குக் கொண்டுவருவான். பழைய சைக்கிளில் அதற்குக் கேரியர் இருந்தது. கறுப்பு சைக்கிளில் கேரியர் மாட்ட ஒரு துளைகூட இல்லை. அவன் பழைய டியூபைக் கிழித்துக் கட்டி, சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டிருந்தான். ஒன்பதரை மணி வாக்கில் என் கடையைத் தாண்டுவான். முகத்தைத் திருப்ப மாட்டான். நானும் குனிந்து பஞ்சர் பார்ப்பதுபோல இருப்பேன்.

ஒருநாள் குனியவில்லை. பார்த்தேன். கேனின் மூடி வழியாகப் பால் கசிந்து, சீட்டுக் கம்பியின் பின்பக்கமாகக் கீழே இறங்கியிருந்தது. கறுப்புக் கம்பியில் வெள்ளையாக மூன்று கோடு.

அந்த வண்டியில் பின் பிரேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காற்றுப் படக்கூடாது என்று பெடல் அச்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கோடு மூன்றும் நேராக அங்கேதான் போயின.

பால் வெட்டுகிறவர்கள் சிந்தின பாலை ஈரத்தோடு துடைக்க மாட்டார்கள். துடைத்தால் பரவும். காயவிட்டால் தோல்போல உரிந்து வரும், ஒட்டுப்பால் என்று அதுவும் விலைக்குப் போகும். கையிலும் பக்கெட்டிலும் அதுதான் சரியான வழி. அப்பு முப்பது வருடமாகச் செய்கிற வழி. இந்தக் கம்பியிலும் காயட்டும், பிறகு உரிக்கலாம் என்று விட்டிருப்பான். உள்ளே இறங்கினதை எப்படி உரிப்பான்?

"அப்பு, நில்லுடே" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். வாய்வரை வந்தது. வேணும்னா அவனே வரட்டும் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

நாலாம் நாள் அவன் விழுந்தான். திருப்புறத்திலிருந்து திரும்பும்போது பாலத்துக்கு முன்னால் ஒரு இறக்கம் உண்டு. இரண்டு கேனும் நிறைந்திருந்தது. குறுக்கே ஒரு ஆட்டோ திரும்பியிருக்கிறது. பின் பிரேக்கைப் பிடித்திருக்கிறான், பிடிக்கவில்லை. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கியிருக்கிறான். வண்டி அவனைத் தூக்கிப் பாலத்துக் கைவரிச் சுவரில் அடித்தது. ஓடிப்போனவர்கள், ரோடு முழுக்க வெள்ளையாக இருந்தது என்றார்கள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. கத்தி பிடிக்கிற கை.

கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் கத்தியைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் பழைய பிடி வருமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். மரத்தின் பட்டையில் ஒரு நூலளவு ஆழம் கூடினாலும் மரம் கெட்டுப்போகும். பிடி இல்லாத கையை யாரும் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. போக முகமில்லை.

அவன் மனைவி சௌதாமினி ஒரு ஆட்டோவில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். கறுப்பு சைக்கிளின் முன் சக்கரம் நெளிந்து கிடந்தது. "இத என்ன வேணும்னாலும் செய்யுங்க அண்ணா. கண்ணுல காட்டாண்டாம்," என்றாள். பிறகு பழைய சைக்கிளைக் காட்டினாள். "இத சரியாக்கித் தரணும். திங்கக்கெழம மொதல் நான் வெட்டப் போறேன்."

"நீயா?"

"எனக்கும் வெட்டத் தெரியும் அண்ணா. காரோட்டுத் தோட்டத்துல பாதி மரம் நான் வெட்டினதாக்கும். யோசுவா சாரு ஒரு வாரம் நோக்கட்டும்னு பறஞ்சாரு. ஆறரை மணி எனக்கும் ஆறரைதான்." சைக்கிள் மிதித்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது என்பதையும் சொன்னாள்.

அவள் போனதும் முதலில் கறுப்பு சைக்கிளைத்தான் கவிழ்த்தேன். அடியிலிருந்த பிரேக்கைக் கழற்றினேன். பிரேக்கின் இரண்டு கைகளும் அசையவில்லை. நகத்தால் கிள்ளி இழுத்தபோது மஞ்சளாக, முழுசாக உரிந்து வந்தது. பிரேக்கின் உள்வடிவத்தில் அப்படியே வார்த்ததுபோல ஒரு ரப்பர். நல்ல ஒட்டுப்பால். கையில் வைத்துக்கொண்டு அழுதேன். லிஜின் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு பழைய சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி வைத்துப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.

முக்கால் சுற்றில் நின்றது.

மறுபடி சுற்றினேன். நின்றது. குனிந்து பார்த்தால் ஒரு பிரேக் கட்டை ரிம்மை அழுத்திக்கொண்டே இருந்தது. தேய்ந்து தேய்ந்து ரிம்மில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. சக்கரத்தின் அச்சை விரலால் சுற்றினால் மணலில் அரைப்பதுபோல இருந்தது. எனக்கு ஓர்மை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பு, "செல்லா, பிரேக் கொஞ்சம் தளர்வா உண்டு," என்றான். அன்று ஏதோ ஒரு ஆத்திரத்தில் இருந்தேன். அச்சையும் பிரேக்கையும் ஒன்றாகப் போட்டு இறுக்கி, "இனி பிடிக்கலன்னு சொல்லப்பிடாது," என்று வண்டியைத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு நூறு சனிக்கிழமை வந்திருக்கும். நூறு தடவையும் செயினில் எண்ணெய் விட்டேன். ஒரு தடவைகூடச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லை.

அச்சைக் கழுவி கிரீஸ் வைத்தேன். புது ரிம், புது டயர், புது பிரேக் கட்டை போட்டேன். காற்றை முழுசாக அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இரண்டுக்கு நானே ஏறி மிதித்தேன். ஐம்பத்தி மூன்று வயது, தொப்பை, எதிர்க்காற்று. யோசுவா சாரின் கேட்டுக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம்.

கறுப்பு சைக்கிளைவிட ஒரே ஒரு நிமிடம் கூடுதல். கம்பியைப் பற்றி நான் சொன்ன கணக்கு சரி. அந்தச் சரியை வைத்து நான் என்ன செய்ய?

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அப்புவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கை தலையணை மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"செல்லா, விழுந்தது என் தப்பு," என்றான். "ஆனா நீ சொன்னது செரியில்ல கேட்டியா. பதினொரு மினிட்டு கொறஞ்சுது. அந்தக் கம்பி காத்த கிழிச்சுது மக்கா. நான் அனுபவிச்சேன்."

அந்த ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "ஆமாடே," என்றேன். அதைச் சொன்ன நொடியிலேயே, இதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்தது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. சௌதாமினி கைகளில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"அண்ணா, வண்டி எண்ணெ விட்டது மாதிரி ஓடுது. ஆறரைக்கு முன்ன முடியாதுன்னு வெப்ராளப்பட்டு, பயந்துட்டுப் போனேன். இஞ்சேருந்து ஆறு மணிக்கு எறங்கி ஆறு முப்பத்தொண்ணுக்கு அங்க. ஒரு மினிட்டுதான் லேட்டு. நாளைக்கி அதும் இருக்காது. சாரு ஒண்ணும் பறயல்ல."

அப்பு அவளைப் பார்த்தான். "முப்பத்தொண்ணா? அந்தப் பழைய வண்டியிலயா? நீயா?"

"பின்ன?" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவன் கண் என் பக்கம் திரும்பியது. அவன் முட்டாள் இல்லை. முப்பது வருடமாக இருட்டில் நூலளவு ஆழம் பார்த்து வெட்டியவன்.

"அதுல என்னடே செய்தே?"

"பின் பிரேக் ஒரசிட்டு இருந்துது," என்றேன். "அச்சும் இறுகி இருந்துது. நான் இறுக்கினது."

"எப்போ?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

வெளியே குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. அப்பு கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். வாழை இலைகள் அசையாமல் நின்றன.

"ரெண்டு வருசமும் நான் காத்தயாக்கும் திட்டினேன்," என்றான்.

முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.