மெத்தென்ற துணி

மகளின் தொடையெல்லாம் சிவந்து புண்ணானதால் கடை டயாப்பரை நிறுத்தித் துணி டயாப்பருக்கு மாறினோம். புண் ஆறியது. ஆனால் சில வாரங்களில் துணி ஒழுகத் தொடங்கியது. தொட்டில், பாய், நாத்தனாரின் மடி, எதுவும் தப்பவில்லை.

"அம்மா தாயே, மாத்திக்க எங்கிட்ட இனிமே புடவை இல்ல. பழையபடி கடையிலயே வாங்குங்க," என்றார் நாத்தனார்.

"இதோ போறேன்க்கா," என்று கணவர் சட்டையை மாட்டினார்.

மறுபடி புண் வருமே என்று எனக்குப் பதறியது. காய்ந்த துணி ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஊறாமல் முத்துப்போல் நின்றது.

"துவைக்கிறப்ப ஏதாவது ஊத்துனீங்களா?" என்று கணவரைக் கேட்டேன். எங்கள் வீட்டில் துவைப்பது அவர்தான்.

"பாப்பாவுக்கு மெத்துன்னு இருக்கட்டுமேன்னு, கடைசி அலசல்ல சாஃப்ட்னர்..."

"அது நூல் மேல மெழுகு மாதிரி படிஞ்சிடும். அப்புறம் துணி ஈரத்த உறிஞ்சாது."

"அடப்பாவி! பாசத்துல புள்ளைக்கு மழைக்கோட்டு மாட்டி விட்டிருக்கியே!" என்றார் நாத்தனார்.

கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு வெந்நீர் போட்டார். எல்லாவற்றையும் இருவரும் நுரை வருவது நிற்கும்வரை அலசினோம்.

மறுநாள் நாத்தனார் மடியில் தடித்த துண்டை விரித்துக்கொண்டுதான் மகளை வாங்கினார். மகள் தூங்கி எழுந்ததும் துண்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"சரி, கடைக்குப் போக வேணாம்," என்றார்.