அதிபரும் சுவரும்

சாவதற்கும் நாள் பார்த்துத்தான் சாக வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பத்திரிகையில் 'இதே நாளில்' என்ற பத்தியைத் தலை நரைக்க நரைக்க எழுதிக்கொண்டிருப்பவன் சொல்கிறேன். இந்தத் தேதியில் முன்பு யார் பிறந்தார், யார் போனார், எந்தப் பாலத்தைத் திறந்தார்கள் என்று உள்பக்கத்து ஓரத்தில் வருமே, அதுதான். ஒரு விஞ்ஞானியும் ஒரு நடிகரும் ஒரே தேதியில் போயிருந்தால் விஞ்ஞானிக்கு அரை வரி. ஒரு கவிஞரும் ஒரு தளபதியும் என்றால், கவிஞரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவோம். அடுத்த வருடமும் தளபதி அதே தேதியில்தான் செத்திருப்பார் என்பது ஒருவருக்கும் தோன்றாது.

என் அத்தான் அப்படி ஒதுக்கப்பட்டவர். அக்காவின் கணவர், நாட்டின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவர். ஊர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'சுவர்' என்றுதான் சொல்லும். இறுதி ஆட்டத்தில் விலா எலும்பு முறிந்த பிறகும் இடத்தை விட்டு நகராமல், ஒரு பந்தைக்கூட உள்ளே விடாமல் கோப்பையை வாங்கி வந்த மனிதர். வேறு எந்தத் தேதியில் போயிருந்தாலும் பத்தியில் முதல் வரி அவருக்குத்தான். அவர் போனதோ அதிபர் போன தேதியில். அந்த வாரம் முழுக்க எங்கள் பத்திரிகையில் அதிபரைத் தவிர வேறு யாரும் சாகவே இல்லை. தெருக்களை அடைத்துவிட்டார்கள். கடைகளில் ஒரு பூ கிடையாது, எல்லாம் மாளிகைக்குப் போய்விட்டது. மைதானம் கொள்ளாத கூட்டத்தைப் பார்த்தவரைச் சந்து சந்தாகச் சுற்றி, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம்.

அதற்கப்புறம் வருடா வருடம் அந்தத் தேதியில் அதிபருக்கு முழுப் பக்கம். என் பத்திக்கு அன்று விடுமுறை. அக்கா அன்றைய பத்திரிகையைப் பிரிக்க மாட்டாள்; மேசைமேல் கவிழ்த்துப் போட்டுவிடுவாள். தன் கணவருக்கு ஒரு வரி இல்லையே என்ற ஆற்றாமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் புதிதாக வந்த ஆசிரியர், வயதில் என் மகன் மாதிரி இருப்பவர், முழுப் பக்கக் கண்ணீர் போதும், அதிபருக்குப் பத்தியிலேயே ஒரு வரி போடுங்கள் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அதிபருக்கு ஒரு வரி, அடுத்த வரி அத்தானுக்கு என்று எழுதி, அச்சுக்குப் போகப் பல நாள் இருக்கும்போதே ஒரு நகலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் அவள் வீட்டுக் கட்டிலில் விரிப்பின் நாலு மூலையும் மெத்தைக்கடியில் ஒரே மாதிரி மடிந்திருக்கும். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்த எனக்கு ஏமாற்றம்தான். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரையும் சேத்துப் போடாதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வரிக்காக நான் எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், இவளுக்கு அதில் நொட்டை சொல்லத்தான் தெரிகிறது என்று பொரிந்து தள்ளினேன். அவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அந்த ஆளு, அதிபரு, அன்னைக்குச் சாகலடா. மொத நாள் மத்தியானமே போயாச்சு. நான்தான் கண்ணை மூடிவிட்டேன்."

அன்று அவளுக்கு, அதிபரைச் சேர்த்திருந்த மேல்மாடியில் வேலை என்பது எனக்குத் தெரியும். வெளியே வர முடியவில்லை என்று மட்டும் அப்போது சொல்லியிருந்தாள். மிச்சத்தை இப்போதுதான் சொன்னாள். அடுத்து நாற்காலியில் உட்கார வேண்டியவர் வெளிநாட்டில் இருந்தாராம். அவர் வந்து சேரும்வரை செய்தி வெளியே கசியக் கூடாது. அறைக்குள் பெரிய டாக்டர், அக்கா, இரண்டு சிப்பாய்கள், கதவு பூட்டியாயிற்று. அதிபர் உயிரோடு இருப்பதுபோலவே எல்லாம் நடக்க வேண்டும். அக்கா டிரிப்ஸ் பாட்டிலை மாற்றினாள். வேளாவேளைக்குக் கதவிடுக்கு வழியாக வந்த சாப்பாட்டைக் கழிவறையில் கொட்டிவிட்டுத் தட்டை வெளியே அனுப்பினாள். செத்தவருக்குக் காய்ச்சல் பார்த்து அட்டையில் எழுதினாள். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள்.

அத்தான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே சாதாரண வார்டில் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய்க்கொண்டிருந்த சமயம். பக்கத்தில் இருந்த என்னையும் மற்ற பார்வையாளர்களையும் அன்று மத்தியானமே சிப்பாய்கள் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். பொழுது சாய்ந்தபின் அக்கா டாக்டரிடம் தன் கணவரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நல்லா தூங்குறாரும்மா என்றாராம் அவர். மறுநாள் வெளிச்சம் வந்தபிறகுதான் கதவைத் திறந்தார்கள். அவள் கீழே ஓடியபோது கட்டிலில் வெள்ளைத் துணி மூடியிருந்தது. விடியற்காலையில் போனதாகச் சான்றிதழில் எழுதியிருந்தார்கள்.

"காலைல அவரைப் பாத்துட்டுத்தான்டா மேல போனேன். 'தூங்கிடாதீங்க, வேலை முடிஞ்சதும் வந்துடறேன்'னு சொன்னேன். ராத்திரி பூரா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பாரு."

இத்தனை வருடமும் இவள் படுக்கப் போகும்போதெல்லாம் இதைத்தானே நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று தோன்றியது. இப்போதே ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் எழுதுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சத்தியம் சத்தியம்தான், என்னிடம் சொன்னதே தப்பு என்றாள். அத்தானைப் போடுவதென்றால் தனியாகப் போடு, அந்த ஒரு நாளாவது அவருக்கென்று இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

சரி, சத்தியம் அவளுடையது, பத்தி என்னுடையது. அதிபரின் வரியைத் தூக்கி முதல் நாள் பத்தியில் வைத்தேன். விளக்கம், விவரம் ஒன்றும் கிடையாது. 'அதிபர் மறைந்தார்', அவ்வளவுதான். அந்தச் சின்னப் பத்தியை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? அச்சாகிவிட்டது.

பத்திரிகை வெளிவந்த அன்று காலையிலிருந்து ஆபீசில் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த தேதி ஆயிற்றே! ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் அனுபவத்துக்கு இப்படி ஒரு தவறா என்று கேட்டார். யானைக்கும் அடி சறுக்கும் சார் என்றேன். நாளைக்கே திருத்தம் போட உத்தரவாயிற்று. நானே உட்கார்ந்து திருத்தத்தை எழுதிக்கொண்டிருந்தபோது என் மேசைத் தொலைபேசி அடித்தது. நடுங்கும் கிழக்குரல்.

"இன்னைக்கு நீங்க போட்டிருக்கிற தேதி சரிதான். அந்த நர்ஸம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா என்றேன். அன்று உள்ளே இருந்த டாக்டர் தான்தான் என்றும், இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது தானும் அவளும் மட்டும்தான், அதனால்தான் கேட்டதாகவும் சொன்னார். பெரிய டாக்டர்!

"அப்படின்னா மிச்சத்தையும் கேட்டுக்குங்க. அவங்க வீட்டுக்காரர் விடியக்காலைல போகல. அன்னைக்கே, விளக்கு வைக்கிற நேரத்துல போயிட்டார். மயக்கத்துலயே. வார்டு நர்ஸ் கதவுக்கு வெளியே வந்து என்கிட்ட சொன்னா. அப்புறம்தான் உங்கக்கா என்னைக் கேட்டாங்க. உண்மையைச் சொன்னா அவங்களை உள்ளே நிறுத்தி வைக்க முடியாது. அவங்க வெளியே போனா மத்த செய்தியும் போயிடும். அதான் தூங்குறார்னு சொன்னேன். சான்றிதழும் நான் எழுதினதுதான்."

பெரியவர் என்றும் பாராமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டேன். அவர் மறுக்கவுமில்லை, தொலைபேசியை வைக்கவுமில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.

ஆக, அதிபரும் சுவரும் ஒரே தேதியில்தான் போயிருக்கிறார்கள். நாடு நினைக்கிற தேதியும் இல்லை, அக்கா நினைக்கிற தேதியும் இல்லை. இதை அவளிடம் போய்ச் சொல்வதா? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதா? அவருக்கென்று ஒரு நாளைக் கேட்டவளிடம், அந்த நாளும் பொய் என்று எந்த வாயால் சொல்வது? வழியெல்லாம் சொல்ல வேண்டாம் என்றே நினைத்துக்கொண்டு போனேன். போனதும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைக்க எனக்கு எப்போதும் வராது.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"விளக்கு வைக்கிற நேரமா?"

"ஆமாக்கா."

"மயக்கத்துலயா?"

"அப்படித்தான் சொன்னாரு."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"அப்போ ராத்திரி அவரு முழிச்சிருக்கல."

"இல்லக்கா."

"வாசலைப் பாத்துக்கிட்டிருக்கல."

"இல்ல."

அவள் மடித்த துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அத்தானைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் கண்ணில் நான் தண்ணீர் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் போனது இன்றைக்குத்தானா என்று கேட்டாள். ஆமாம், இன்றைக்குத்தான். வெளிச்சம் மங்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்ததும் அவள் எழுந்து அத்தானின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மன்னித்தாளோ என்னவோ, நான் மன்னிக்கவில்லை.

நாளைய பத்தியில் அத்தானின் வரி இருக்கிறதே என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எடுத்துவிடு என்றாள். ஆபீசுக்குத் தொலைபேசி செய்து எடுக்கச் சொன்னேன். இந்த வருடமும் அவருக்கு ஒரு வரி இல்லை.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன காலத்துப் பழக்கத்தில் சூரியனுக்கு முன்னால் எழுகிறவள், அன்று நான் கதவைத் தட்டித்தான் எழுந்தாள். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, மேசைமேல் கிடந்த பத்திரிகையைப் பிரித்தாள். என் திருத்தம் பத்திக்குக் கீழே வந்திருந்தது. அதிபர் மறைந்தது நேற்றல்ல, இன்றுதான், தவறுக்கு வருந்துகிறோம். நிதானமாக இரண்டு தடவை படித்தாள். பிறகு பத்திரிகையைக் கவிழ்க்காமல் அப்படியே மடித்து வைத்தாள்.

"இந்த நாளை அந்த ஆளே வெச்சுக்கட்டும்டா" என்றாள்.