அரை அங்குலப் பள்ளம்

அந்தத் தையல் கடையில் அக்காவும் தங்கையும் பேசிப் பன்னிரண்டு நாளாகிறது. எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் வெட்டுத் துணியில் சாக்பீஸால் எழுதி எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். ‘பட்டன் தீர்ந்தது.’ ‘தெரியும்.’ இதெல்லாம் ஒரு பிழைப்பா, சொல்லுங்கள்!

எல்லாம் ஒரு கோட்டால் வந்த வினை. டாக்டர் ஒருவர், தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்தார். கை ஒரு அங்குலம் குட்டை. “யாரு அளவெடுத்தது?” என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, தங்கை “அக்காதான்” என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். அளவெடுத்தது அக்காதான், வாஸ்தவம். ஆனால் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கண்ணளவில் கத்தரியை ஓட்டியது இந்த மகராசிதானே? டாக்டர் போனதும் இருவருமே நோட்டைப் பார்த்தார்கள். அக்கா சரியாகத்தான் எழுதியிருந்தாள். அக்கா நோட்டை மூடினாள், அதோடு பேச்சையும். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லிவைத்தாள். திங்கட்கிழமை சேரவேண்டும். இன்று சனி.

தங்கைக்கு வாய் ஒன்றும் கம்மியில்லை. வாடிக்கைக்காரர்களிடம் அவள் பேச ஆரம்பித்தால் மிஷினே அலுத்துப்போய் நின்றுவிடும். ஆனால் ‘தப்பு என்மேலதான்’ என்ற ஒரு வரி மட்டும் தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றது. ரோஷமாம், பெரிய ரோஷம்!

அதற்காகத்தான் அவள் டேப்லெட்டில் ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கினாள். அக்கா மகள் பள்ளிக்கூட வேலைக்காகக் கடை டேப்லெட்டில், சொந்தமாக விளையாட்டு உண்டாக்கும் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். அதில் கணினி மொழி எதையும் எழுதிக் குவிக்க வேண்டாம். ‘தொட்டால் குதி’, ‘விழுந்தால் முதலிலிருந்து தொடங்கு’ என்று வண்ணக் கட்டைகள் வரிசையாக இருக்கும். ஒன்றோடொன்றைப் பொருத்தினால் படத்தில் இருப்பது அதன்படி ஆடும். சட்டைக்குக் காலர் வைப்பதைவிட லேசு என்று தங்கை கண்டுகொண்டாள். ஒரு வாரத்தில் ஆட்டம் தயார். கதாநாயகி, இரண்டு கால் முளைத்த ஒரு கத்தரிக்கோல். நெற்றியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிற்கும், அசல் அக்காவைப் போலவே. பட்டன் பொறுக்கி, உருண்டு வரும் இஸ்திரிப்பெட்டிகளுக்குத் தப்பி, ஒரு பள்ளத்தைத் தாண்டினால் அலமாரி. அலமாரி திறந்தால் உள்ளே அந்த ஒரு வரி.

சனி மதியம் டேப்லெட்டை வெட்டுமேசையில் அக்காவின் கைக்கருகே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். கத்தரிக்கோலின் மூக்குக்கண்ணாடியைக் கண்டதும் உதடு லேசாகத் துடித்தது. விரலை வைத்தாள். பட்டன்களை ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். இஸ்திரிப்பெட்டியில் இரண்டு முறை சூடுபட்டு மூன்றாம் முறை தப்பினாள். பள்ளம் வந்தது. குதித்தாள். பொத்தென்று விழுந்தாள்.

மறுபடி குதித்தாள், மறுபடி பொத். ஏழெட்டுத் தடவை ஆயிற்று. தங்கைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில்தான், பள்ளம் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்குமே என்று இழுத்துவிட்டிருந்தாள். இழுத்தவள் ஒரு தடவை ஆடிப் பார்த்தாளா? அதுதான் இல்லை. மன்னிப்பு அந்தக் கரையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, போய்ச்சேர வழியில்லை.

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். கத்தரிக்கோல் ஒரு தாவில் எவ்வளவு தூரம் போகிறது என்று டேப்லெட் திரைமேல் வைத்து அளந்தாள். பிறகு பள்ளத்தை அளந்தாள். தப்பான அளவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் எத்தனை நாள்தான் முடியும்?

“தாவுறது ரெண்டு இஞ்ச். பள்ளம் ரெண்டரை. எவடி இதை அளந்தது?”

பன்னிரண்டு நாள் கழித்துக் கேட்ட குரல். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான்தான்க்கா. அளக்கவே இல்ல. கண்ணளவுல இழுத்தேன்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “அந்தக் கோட்டும் அப்படித்தான். தப்பு என்மேலதான். உன்னைப் போட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.”

அக்கா டேப்பைச் சுருட்டினாள், நிதானமாக.

“இதைச் சொல்லவா இத்தனை பள்ளம், இஸ்திரிப்பெட்டி எல்லாம்? என் கையைச் சுட்டு வேற வெச்சியேடி!”

“வாய் வரலக்கா.”

“உனக்கா? வாயா? நல்லாச் சொன்ன போ.” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். “எங்க பிடிச்சு இழுக்கணும், காட்டு.”

தங்கை காட்டினாள். அக்கா டேப்பை வைத்தபடியே பள்ளத்தை அரை அங்குலம் குறைத்தாள். கத்தரிக்கோல் ஒரே தாவில் அக்கரை சேர்ந்தது. அலமாரி திறந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

“திரும்ப ஆடினா திரும்பவும் இது வருமா?”

“எத்தனை தடவை ஆடினாலும் வரும்க்கா.”

“அப்ப முதல்லேருந்து போடு.” ஆட்டம் தொடங்கியதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “திங்கக்கிழமை அந்த டாக்டரை வரச் சொல்லு. அவர்கிட்ட இதை நீ வாயாலயே சொல்லணும். கை அளவு நான் எடுக்கறேன்.”