ஏழாம் தட்டு

அவளுடைய வேலை அளப்பது. கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளின்மேல் ஒளியைப் பாய்ச்சி, அவை எவ்வளவு பெரியவை என்று கருவி சொல்வதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நானோ துகள்கள் என்று பெயர். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்னும் ஒரு நோய்க்கான மருந்து அவற்றுக்குள் இருந்தது. அந்த மருந்தைத் தனியாக ஊசியில் ஏற்றினால் மூளையின் காவலைத் தாண்டாது. உருண்டைக்குள் ஒளித்து அனுப்பினால் தாண்டும். ஆனால் உருண்டை சிறியதாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டால் கல்லீரல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நரம்புக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இதையெல்லாம் அவள் நாத்தனாருக்கு விளக்கிச் சொல்லியிருந்தாள். அந்த நோய் நாத்தனாருக்குத்தான் இருந்தது. வீட்டில் எல்லாரும் வாண்டு என்று கூப்பிடும் அவள், முப்பத்தொரு வயதில் கோல் ஊன்றி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மருந்துச் சோதனையில் அவளைச் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். யாருக்கு எந்தக் குப்பி போகிறது என்பது மருத்துவமனை மருந்துக்கிடங்குக்கு மட்டுமே தெரியும். ஆய்வகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் அனுமதி கிடைத்தது.

அன்று மருந்துக் குப்பிகள் அடுக்கிய ஏழாம் தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோது கைப்பேசி அடித்தது. வாண்டு.

"அண்ணி, குளியலறைக் கதவுல தாழ்ப்பாளைக் கழட்டச் சொன்னது நீங்களா?"

"நீ உள்ள விழுந்துட்டா நாங்க எப்படி வர்றது? அதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே. நான் என்ன சின்னக் குழந்தையா?"

பேச்சு எங்கெங்கோ போயிற்று. சாப்பாட்டு மேசையில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், யார் யாருக்குப் பாரம் என்கிற வரைக்கும் வந்தது. அவள் போனை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்சம் அழுதாள். பிறகு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது நான்கு மணி நேரம் கடந்திருந்தது. ஒன்பது குப்பிகளும் சன்னல் வெயிலில் இருந்தன.

ஒரு சொட்டு எடுத்து அளந்தாள். நூறை ஒட்டி இருக்க வேண்டிய எண் இருநூற்று அறுபது காட்டியது. அவள் அந்தச் சொட்டை அதிரும் நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் வைத்தாள். அதிர்வில் ஒட்டியவை பிரிந்தன. மறுபடி அளந்தபோது நூற்றுப் பதினெட்டு. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குப்பிகளுக்குள் இருந்தவை பிரியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் அளந்ததில் பொய் இல்லை, எழுதியதில்தான் பொய் இருந்தது.

ஏழாம் தட்டு மருத்துவமனைக்குப் போயிற்று. மூன்று பேருக்கு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, மூன்று முறைக்கான மருந்து.

மூன்றாவது வாரம் வாண்டு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி குனிந்து போட்டுவிட்டாள்.

"போன மாசம் நானே போட்டேன் அண்ணி. மருந்து ஏறினா சரியாயிடும், இல்ல? நீங்க பாத்து அனுப்புற மருந்தாச்சே."

ஏழாம் தட்டு வாண்டுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சண்டை போட்ட அன்றைக்கா இது நடக்க வேண்டும்? வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் போனை வைத்தபோது மனதில் இருந்தது என்னவென்று அவளுக்குத்தானே தெரியும்? கணவனிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் துணி காயப்போட்டதைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனாள்.

நான்காவது வாரக் கடைசியில், இரண்டாம் ஊசியும் போட்டு முடிந்த பிறகு, ஆய்வகத் தலைவியின் அறைக்குப் போனாள். எல்லார் எழுத்திலும் சிவப்பு மையால் திருத்தம் போடுவதால் அவருக்கு டீச்சர் என்று பெயர். அன்று பேனாவைக் கையில் எடுக்காமல் முழுவதும் கேட்டார்.

"மிச்சம் இருக்கிற மூணு குப்பியை நிறுத்தச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, முதலில் மருத்துவமனைக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு கேட்டார்: "ஒரு மாசம் ஆச்சு. ஏன் இப்ப வந்து சொல்ற?"

"நாத்தனார் கை மோசமாயிட்டே வருது மேடம். என்னாலதான்."

அரை மணியில் மருந்துக்கிடங்கிலிருந்து பதில் வந்தது. டீச்சர் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏழாம் தட்டு உன் நாத்தனாருக்குப் போகல. வேற மூணு பேருக்குப் போயிருக்கு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அப்பாடா" என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அவங்க இல்லைன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா, இன்னைக்கு இங்க வந்திருப்பியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பேனாவை எடுத்து அறிக்கை எழுதத் தொடங்கினார்.

அளவுக் கருவியிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் பிரிவில் வேலை. மூன்று நோயாளிகளுக்கும் விஷயத்தைச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து நல்ல மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கு மாற்றம் எதுவும் இல்லை. மூன்றாமவர் முடிதிருத்துபவர். அந்த நான்கு வாரத்தில் அவருடைய வலதுகைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. மருந்து சரியாகப் போயிருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. இனி ஒருபோதும் சொல்லவும் முடியாது.

தப்பு செய்தது யாரென்று பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். போக வேண்டிய கட்டாயம் இல்லை என்றார் டீச்சர். அவள் போனாள்.

மருத்துவமனையின் ஒரு சிறிய அறையில், சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டையில் முடிதிருத்துபவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவள் நடந்ததைச் சொன்னாள். வெயில், நான்கு மணி நேரம், நீர்த்தொட்டி, கையெழுத்து. எதையும் விடவில்லை.

"ஒரு தடவை ஒருத்தர் காதை வெட்டிட்டேன்," என்றார் அவர். "கத்தரி நழுவிடுச்சு. உடனே ரத்தம். கடை முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. மறைக்கணும்னாலும் முடியாது." மடியில் கிடந்த வலதுகையை இடதுகையால் எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க வேலையில ரத்தம் வராது போலிருக்கு."

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"அதுக்காக வரச் சொல்லல. யாருன்னு தெரியாம ராத்திரியில யார் யாரையோ திட்டிட்டு இருந்தேன். இனிமே ஒரே ஆளைத் திட்டலாம்." அவர் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அவளுக்கும் புரியவில்லை.

அன்று மாலை வாண்டுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாண்டு பாதியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் போயிடுச்சுன்னு நினைச்சுத்தான், வேலை போனாலும் பரவாயில்லைன்னு போய்ச் சொன்னீங்களா? நான் உங்களுக்குப் பாரம்னுதான் இத்தனை நாள் நினைச்சேன், அண்ணி." அவள் கண் கலங்கியது. முகம் மலர்ந்தும் இருந்தது.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் இல்லாத ஒன்று அந்த நிமிடத்தில் வந்திருந்தது. அதை உடைக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த விரல்கள் தன் கையைப் பற்றியிருந்த விதத்தில் இன்னும் கொஞ்சம் பலம் மிச்சமிருப்பதை உணர்ந்தபோது, மேசைமேல் தூக்கி வைக்கப்பட்ட அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"அப்படி இல்ல வாண்டு," என்றாள். "உனக்கு இல்லைன்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. வேற மூணு பேருக்குப் போச்சுன்னு கேட்டப்புறமும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதை நினைச்சாதான்..."

வாண்டு கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"அந்த முடிவெட்டுறவருக்குக் கடையில துணைக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அண்ணிக்குத் தெரியவில்லை. அவரிடம் அதை அவள் கேட்கவே இல்லை.